மட்டக்களப்பிலிருந்து யாப்பகூவா: ஒரே ரயிலில் போய், ஓர் இரவு தங்கி, கோட்டை ஏறித் திரும்பும் வழி

வரலாற்றுப் புத்தகத்தில் பொலன்னறுவைக்குப் பிறகு வந்த தலைநகரங்களைத் தம்பதெனியா, யாப்பகூவா, குருநாகல், கம்பளை என்று பிள்ளைகள் வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். அந்த வரிசையில் இரண்டாவது இடம், நம் மட்டக்களப்பு ரயில் பாதை போய்ச் சேரும் மாகோ சந்தியிலிருந்து ஐந்தாறு கிலோமீற்றரில் இருக்கிறது. இன்றைக்கு அது வயலும் குளமும் தென்னையும் சூழ்ந்த ஒரு சிறு கிராமம். 13ஆம் நூற்றாண்டில் முதலாம் புவனேகபாகு அங்குள்ள பாறைக் கோட்டையிலிருந்து ஆண்டான். பிறகு பாண்டியரின் தளபதி ஆரியச்சக்கரவர்த்தி படையோடு வந்து, புத்தரின் புனித தந்தத்தையே அங்கிருந்து பாண்டிநாட்டுக்குக் கொண்டுபோனான். வரலாறு இவ்வளவு போதும். தமிழ்ப் பிள்ளைகள் பார்த்தே ஆகவேண்டிய இடம் இது. ஆனால் நம் பக்கத்தில் சிகிரியாவுக்குப் போனவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே போயிருக்க மாட்டார்.

போகாததற்குத் தூரம் காரணமில்லை. எங்கே இறங்குவது, எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம், இரவு எங்கே தங்குவது என்று சொல்ல ஆளில்லை. முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: ரயிலில் போனால் இது ஒரு நாள் பயணம் ஆகாது. ஓர் இரவு, இரண்டு பகல் வேண்டும். ஒரே நாளில் முடிக்க நினைப்பவர்கள் கொதிக்கிற வெயிலில் பாதிப் படி ஏறிவிட்டு, திரும்பும் வண்டியைத் தேடி ஓடவேண்டி வரும்.

1. பெயரைச் சரியாகப் பிடியுங்கள்

தமிழில் நாம் மாகோ என்கிற சந்தியைச் சிங்களத்தில் "மஹவ" என்பார்கள். ரயிலில் பக்கத்தில் இருப்பவரிடம் "மாகோ வந்துட்டா?" என்று கேட்டால் அவருக்கு விளங்காமல் போகலாம். "மஹவ" என்று கேளுங்கள். கோட்டையின் பெயரும் அப்படித்தான்: "யாப்பஹுவ" என்றால் எந்த ஓட்டோக்காரருக்கும் தெரியும்.

அம்பாறைப் பக்கத்தார் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. வழியில் வரும் "கல்ஓயா சந்தி" உங்கள் இங்கினியாகலைக் கல்லோயா அல்ல. அது ஹபரணைக்குக் கிட்ட, திருகோணமலைப் பாதை பிரியும் இடம். பெயரைக் கேட்டுவிட்டு அங்கே இறங்கிவிடாதீர்கள்.

2. நாளைத் தெரிவு செய்தல்

பெப்ரவரி, மார்ச், பிறகு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். ஏப்ரலில் பாறை அடுப்புக்கல் மாதிரிக் கொதிக்கும், பின்னேரம் இடிமழையும் வரும். இடி முழங்கும்போது திறந்த பாறையில் நிற்கக்கூடாது, கீழே இறங்கிவிட வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை நம் பக்கத்து மாரி. புனானை, வெலிக்கந்தை, மன்னம்பிட்டிப் பகுதியில் வெள்ளம் ஏறினால் ரயிலும் நிற்கும், வீதியும் மூடும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் நாட்டில் பல இடங்களில் ரயில் பாதைகளைச் சேதப்படுத்தியது. ஆகவே அதற்கு முந்திய நேர அட்டவணையின் படம் போனில் இருந்தால் அதை நம்பிப் புறப்படாதீர்கள். பயணத்துக்கு முதல் நாள் மட்டக்களப்பு நிலையத்துக்குப் போன் எடுத்தோ நேரில் போயோ கேளுங்கள்.

போயா நாளைத் தவிர்ப்பது நல்லது. அடிவாரத்தில் விகாரை இருப்பதால் சனம் கூடும், ஓட்டோ கிடைப்பது கஷ்டம். நீண்ட வாரஇறுதிகளில் ரயில் இருக்கைகள் முன்கூட்டியே முடிந்துவிடும்.

3. கையில் இருக்கவேண்டிய ஆவணங்கள்

பெரியவர் ஒவ்வொருவருக்கும் தேசிய அடையாள அட்டை, அதுவும் மூல அட்டையே வேண்டும். ஆசனம் பதியும்போது ஐசி இலக்கம் கேட்பார்கள், பயணத்தில் அந்த அட்டையைக் காட்டச் சொல்வார்கள். மச்சானுக்குப் பதிந்த ஆசனத்தில் மாமாவை அனுப்பலாம் என்ற பழைய பழக்கம் இனிச் சரிவராது. தங்கும் இடத்திலும் ஐசி கேட்பார்கள். போட்டோப்பிரதி இரண்டு வைத்துக்கொண்டால் அட்டையைக் கையை விட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழின் பிரதி போதும். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அரை ரிக்கெற். உயரமான பிள்ளை என்றால் வயதைக் கேட்பார்கள், அப்போது பிரதி உதவும்.

வெளிநாட்டில் இருந்து வந்த உறவுகளோடு போகிறவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். தொல்பொருள் இடங்களில் இலங்கையருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்குப் பல மடங்கு கூடிய கட்டணம். கனடாவில் இருந்து வந்த சித்தப்பா நம்மைவிட நல்ல மட்டக்களப்புத் தமிழ் பேசலாம். ஆனால் கையில் கனடாக் கடவுச்சீட்டு மட்டும் இருந்தால் அவர் வெளிநாட்டவர்தான். இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவர் அதன் சான்றிதழையோ இலங்கை ஐசியையோ கொண்டுவரவேண்டும். வாசலில் நின்று வாதாடுவதில் பயன் இல்லை, அங்கே நிற்கும் ஊழியருக்கு விலக்களிக்க அதிகாரமும் இல்லை.

பாடசாலைக் குழு என்றால் அதிபரின் கடிதமும் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் கையில் இருக்கவேண்டும். மாகாணம் தாண்டிப் போவதால் ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதியோடு தொல்பொருள் திணைக்களத்துக்கும் தனியாக ஒரு கடிதம் அனுப்பி, மாணவர் எண்ணிக்கை, திகதி, பொறுப்பாசிரியர் பெயர் மூன்றையும் குறிப்பிடுங்கள். பதில் வராமல் பஸ்ஸைப் பேசிவிடாதீர்கள்.

4. ரயில் ஆசனம்: போவதற்கும் வருவதற்கும் சேர்த்தே

மட்டக்களப்பில் இருந்து மாகோ ஏறத்தாழ 210 கிலோமீற்றர். காலையில் புறப்படும் உதயதேவி, ஐந்தரை ஆறு மணி நேரம் ஓடி, நண்பகல் அளவில் மாகோவில் இறக்கிவிடும். குடும்பத்தோடு போக ஏற்ற வண்டி இதுதான். இரவு வண்டிகள் மாகோவைத் தொடுவது சாமத்தில். அந்த நேரம் அங்கே கடையும் இல்லை, ஓட்டோவும் நம்பிப் போக முடியாது. பெண்களும் பிள்ளைகளும் உள்ள குழு இரவு வண்டியில் போகவே கூடாது என்பேன்.

பதிவு ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே திறக்கும். நிலையத்து யன்னலிலும் பதியலாம், இணையத்திலும் பதியலாம். பலர் போகும் ரிக்கெற்றை மட்டும் வாங்கிவிட்டு, "வரும்போது பார்ப்பம்" என்று விடுவார்கள். திரும்பும் வண்டி கொழும்பில் இருந்தே நிரம்பி வரும். பதிவில்லாமல் மாகோவில் ஏறினால் பொலன்னறுவை வரைக்கும் நின்றுகொண்டு வரத் தயாராக இருக்கவேண்டும். இரண்டையும் ஒரே நாளில் பதிந்துவிடுங்கள்.

பதியும்போது ஏறும் நிலையத்தையும் யோசியுங்கள். இரவு மாகோவில் தங்கினால் மாகோ. குருநாகலில் தங்கினால் திரும்பும் ஆசனத்தைக் குருநாகலில் இருந்து பதியவேண்டும். குருநாகல் மாகோவுக்கு 43 கிலோமீற்றர் கொழும்புப் பக்கம். தங்கும் இடத்தை முடிவு செய்த பிறகே பதிவு யன்னலுக்குப் போங்கள்.

மூன்றாம் வகுப்பு பஸ்ஸைவிட மலிவு. வயது போனவர்கள் இருந்தால் இரண்டாம் வகுப்பு எடுங்கள், ஆறு மணி நேரம் இருக்கவேண்டும் அல்லவா.

கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தாருக்கு ஒரு சொல். ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனையில் இருந்து மட்டக்களப்பு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். காலை முதல் பஸ்ஸை நம்பி உதயதேவியைப் பிடிக்க முயல்வது ஆபத்து. பஸ் நிற்பது புளியந்தீவில், ரயில் நிலையம் பாலம் தாண்டி அந்தப் பக்கம். இறங்கி ஓட்டோ பிடித்துப் போகும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். முதல்நாள் இரவு மட்டக்களப்பில் சொந்தக்காரர் வீட்டில் படுத்தெழும்புவது நிம்மதி.

5. வழியில்

காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் வீட்டிலேயே கட்டுங்கள். தேங்காய்ப்பால் சேர்ந்த கறி மதியத்துக்குள் புளித்துவிடும். புளிச்சாதம், ரொட்டி, கட்டச் சம்பல் தாங்கும். வண்டியில் வடையும் கச்சானும் வரும், அதை நம்பிப் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள்.

ஹிங்குராக்கொடைக்கும் ஹபரணைக்கும் இடையில் வண்டி மெதுவாகப் போனால் சலிக்காதீர்கள், அது யானைக் காடு. 2025 பெப்ரவரி 20 அன்று அந்தப் பகுதியில் பயணிகள் ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. வேகத்தைக் குறைத்து ஓட்டுவது அதற்காகத்தான். இந்தத் தாமதத்தைக் கணக்கில் வைத்து, அன்றைய கோட்டை ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் உபரியாக விடுங்கள்.

கெக்கிராவை, கலாவாவி, அவுக்கணை என்று நிலையங்கள் வரும். அவுக்கணை தாண்டியதும் பைகளை இறக்கி, செருப்பைத் தேடி, பிள்ளைகளை எழுப்பத் தொடங்கலாம். மாகோ பெரிய சந்தி என்பதால் வண்டி கொஞ்சம் நிற்கும். ஆனாலும் வாசலில் ஏறுகிற கூட்டம் இறங்க விடாது.

6. மாகோவில் இறங்கியதும்

உடனே கோட்டைக்கு ஓடாதீர்கள். நண்பகல் வெயிலில் அந்தப் படியில் ஏறுவது மயக்கத்தில் முடியும். முதலில் தங்கும் இடத்துக்குப் போய்ப் பையை வையுங்கள், சாப்பிடுங்கள், ஒரு மணி நேரம் படுங்கள். இரண்டரைக்குப் புறப்பட்டால் மூன்று மணிக்கு அடிவாரம். இது சரியான நேரம். நாலு மணிக்குப் பிறகு போனால் உச்சிக்கு நேரம் போதாது, இருட்டுக்குள் இறங்க வேண்டிவரும்.

பணத்தை மாகோ டவுனில் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக்குள் கார்ட் ஓடாது. 100, 500 ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள். 5,000 தாளை நீட்டினால் ஓட்டோக்காரரும் திண்டாடுவார், இளநீர்க் கடைக்காரரும் திண்டாடுவார்.

ஓட்டோ பேசும் முறைதான் புதிதாகப் போகிறவர்கள் அதிகம் ஏமாறும் இடம். போக மட்டும் பேசிவிட்டு இறங்கினால், திரும்பி வர அங்கே வேறு ஓட்டோ கிடைப்பது நிச்சயமில்லை. அப்போது கேட்கிற காசைக் கொடுக்கத்தான் வேண்டும். போக, வர, மூன்று மணி நேரம் காத்து நிற்க, மூன்றுக்கும் சேர்த்து ஒரே விலையாகப் பேசுங்கள். சொல்லவேண்டிய சிங்களம் இவ்வளவுதான்: "யாப்பஹுவட்ட யன்ன என்ன கீயத?" (போய்வர எவ்வளவு?), "பெய துனக் இன்ன ஓன" (மூன்று மணி நேரம் நிற்கவேண்டும்). தொகையைப் போனில் எழுதிக் காட்டி அவர் தலையாட்டியதும் ஏறுங்கள். காசைத் திரும்பி வந்து இறங்கிய பிறகு கொடுங்கள். நாலு பேருக்கு மேல் என்றால் ஓட்டோ இரண்டு, அல்லது ஒரு வான்.

7. கோட்டைக்குள்

வாசலில் ரிக்கெற் எடுத்ததும் அதைக் கசக்கி எறியாதீர்கள், உள்ளே கேட்பார்கள். சிகிரியா, பொலன்னறுவை ரிக்கெற் இங்கே செல்லாது. டொயிலட், தண்ணீர், நூதனசாலை எல்லாம் அடிவாரத்தோடு முடிகின்றன. மேலே நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் கொண்டுபோங்கள்.

குரங்குகள் சொப்பிங் பேக்கைக் கண்டால் விடாது. சாப்பாட்டைச் சிப் போட்ட பைக்குள் வையுங்கள், கையில் வாழைப்பழத்தோடு நடக்காதீர்கள்.

பாறை ஏறத்தாழ 90 மீற்றர். அகழியும் மதிலும் தாண்டி உள்ளே போனால் மூன்று கட்டமாகப் படிகள். முதல் இரண்டும் சும்மா. மூன்றாவதுதான் இந்த ஊரின் பேர்பெற்ற சிற்பப் படிக்கட்டு. அது ஏணி மாதிரிச் செங்குத்து. படிக்கல் ஒடுக்கம், பெரியவர் பாதம் முழுவதும் பதியாது. நேரே ஏறினால் முன்னங்காலில் மட்டும் நின்று கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். பாதத்தைச் சற்றுச் சரித்து வைத்து, குறுக்காக ஏறுங்கள். இறங்கும்போது பக்கவாட்டில், ஒரு காலை ஊன்றிய பிறகு மற்றதை எடுங்கள். சேலையைத் தூக்கிச் செருகுங்கள். சறுக்கும் ரப்பர்ச் செருப்பு வேண்டாம், பின்வார் உள்ள செருப்போ சப்பாத்தோ போடுங்கள். மழை பெய்து ஈரமாயிருந்தால் வயது போனவர்கள் கீழேயே நிற்கட்டும்.

படியின் இரு புறமும் முழி பிதுங்கிய இரண்டு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். பழைய 10 ரூபாய்த் தாளில் இருந்தது இந்தச் சிங்கம். வீட்டில் எங்காவது ஒரு தாள் கிடந்தால் கொண்டுபோய்ப் பிள்ளையின் கையில் கொடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். மேலே வாசல் மண்டபத்தின் அடித்தளத்தில் ஆடும் பெண்களும் மத்தளம் அடிப்பவர்களும் கல்லில் வரிசையாக இருக்கிறார்கள். மூச்சு வாங்கிக்கொண்டு பலர் இதைப் பார்க்காமலே வாசலுக்குள் நுழைந்துவிடுவார்கள். படி முடியும் இடத்தில் நின்று திரும்பி, முழங்கால் மட்டத்தில் பாருங்கள். ஒருத்தியின் கை வளைந்த விதமும் மத்தளக்காரன் தலை சாய்ந்த விதமும் நம் கோயில் தூண்களில் பார்த்துப் பழகியவை. இங்கே ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள், அவசரப்படாதீர்கள்.

வாசலைத் தாண்டியதும் முடிந்தது என்று திரும்புகிறவர்கள் பாதிப்பேர். உச்சிக்குப் பாதை தொடர்ந்து போகிறது, 15 முதல் 20 நிமிடம். கரடுமுரடான பாறை வெட்டுப் படி. நெஞ்சுவலி, முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் வாசலோடு நிற்கலாம். உச்சியில் செங்கல் இடிபாடுகளும், சுற்றிவரக் குளமும் வயலும் காடும்.

பாறைச் சரிவுகளில் குளவிக்கூடு இருக்கக்கூடும். கத்துவதும் கல் எறிவதும் கூடாது, சென்ற் பூசிக்கொண்டு போகவேண்டாம்.

8. படம் எடுக்கும்போது

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. 2019 ஜனவரியில், ஒலுவிலில் படித்த பல்கலைக்கழக மாணவர் எட்டுப் பேர் ஹொரவப்பொத்தானைப் பக்கம் கிரலாகலத் தாதுகோபத்தின் மேல் ஏறி நின்று எடுத்த படம் முகநூலில் வந்ததால் விளக்கமறியலுக்குப் போனார்கள். கெட்ட எண்ணம் இருந்ததா இல்லையா என்பதைச் சட்டம் முதலில் கேட்காது. சிங்கத்தின் மேல் பிள்ளையை இருத்திப் படம் எடுக்காதீர்கள். தாதுகோபம், மதில் எதிலும் ஏறாதீர்கள், பெயர் கீறாதீர்கள். புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று படம் எடுக்காதீர்கள். ட்ரோன் அனுமதியில்லாமல் பறக்க விடக்கூடாது. விகாரைக்குள் செருப்பும் தொப்பியும் கழற்றி, தோளும் முழங்காலும் மூடிப் போகவேண்டும். குகைக்குள் பழைய ஓவியங்கள் உண்டு, ப்ளாஷ் அடிக்காதீர்கள்.

9. இரவு தங்குவது

மாகோவில் சிறிய கெஸ்ட் ஹவுஸ்கள் சில இருக்கின்றன, எண்ணிக்கை குறைவு. முன்கூட்டியே போன் எடுத்து, அறை வாடகை ஆளுக்கா அறைக்கா, இரவுச் சாப்பாடு கிடைக்குமா என்று கேளுங்கள். சைவச் சாப்பாடு வேண்டுமானால் காலையிலேயே சொல்லிவைக்க வேண்டும். "மாளு நெத்துவ, மஸ் நெத்துவ" என்றால் மீனும் இறைச்சியும் இல்லாமல் சமைப்பார்கள். ஆனால் சம்பலில் மாசி போடாதிருக்க "உம்பலகட நெத்துவ" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள், அதை மீனாகவே அவர்கள் நினைப்பதில்லை. காத்தான்குடி, ஏறாவூர்க் குடும்பங்களுக்குக் குருநாகல் டவுன் வசதி, ஹலால் கடைகள் அங்கே இருக்கின்றன.

10. வான் வண்டியில் போனால்

குழு பத்துப் பேருக்கு மேல் என்றால் வான் கட்டுப்படியாகும். வழி: திருக்கொண்டியடிமடு, பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல், பாதெனியா, அங்கிருந்து அநுராதபுரம் வீதியில் தலதாகம சந்தி. சந்தியில் இருந்து உள்ளே திரும்பவேண்டும். சாரதியின் சாப்பாடும் இரவுத் தங்கலும் யார் செலவு, எத்தனை கிலோமீற்றருக்கு மேல் கூடுதல் காசு என்பதைப் புறப்படுமுன் எழுத்தில் வாங்குங்கள். ஹபரணைப் பக்கம் யானை வீதிக்கு வரும், இரவு ஓட்டம் வேண்டாம்.

11. திரும்பும் காலை

கொழும்பில் இருந்து வரும் உதயதேவியும் யாழ்தேவியும் காலையில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக மாகோவுக்கு வரக்கூடியவை. இரண்டும் ஒரே பக்கத்தில் இருந்து வரும், பெயரும் ஒன்றுபோல் கேட்கும், அறிவிப்பு முதலில் சிங்களத்தில் வரும். அவசரத்தில் யாழ்தேவியில் ஏறினால் அநுராதபுரத்தில்தான் தெரியவரும். மேடையில் நிற்கும் ஊழியரிடம் "மடகலபுவட்டத?" என்று ஒருமுறை கேட்டு ஏறுங்கள். மட்டக்களப்பைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

வண்டி நேரத்துக்கு வந்தால் பின்னேரம் மட்டக்களப்பில் இறங்கலாம், கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பஸ் இருக்கும். பிந்தினால் பஸ் நிலையத்துக்குப் போகும் முன், ரயில் நிலைய வாசலிலேயே அதே ஊருக்குப் போகும் ஆட்களைச் சேர்த்து ஒரு வான் பேசிவிடுங்கள். பொழுது பட்டபின் தனி ஓட்டோவில் கல்முனை போவதைவிட அது மலிவு.